இரண்டாவது டிஸ்க்

"கொள்ளி யாரு?" என்று சடங்கு செய்ய வந்த மூர்த்தி பண்டாரம் கேட்டபோது பிரேமலா அப்பாவின் வலது கையை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த கை. இரண்டு வருடமாக மார்போடு மடங்கிக் கிடந்தது, செத்த பிறகும் பிடிவாதமாக மடங்கியே இருந்தது. அதை வேட்டியின் மேல் படிய வைப்பதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவி விரல் விரலாக நீவிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே, "நான்தான்" என்றாள்.

கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி ஐயாசாமி சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எம் பையன் சுகுமாறன் வந்துக்கிட்டு இருக்கான் பண்டாரம். சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாமாம். வந்துருவான்" என்றார்.

அவள் வாயே திறக்காத மாதிரி. நாற்காலி பேசியிருந்தால்கூட யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்திருப்பார்.

"சித்தப்பா, நான்தான்னு சொன்னேன்."

"கேட்டுச்சும்மா. விசனத்துல பேசுற. பொம்பளப் புள்ள மின்சுடலைக்கு வர்றதே நம்ம வழக்கத்துல இல்ல. இதுல கொள்ளி வேறயா? ஒனக்குத் தம்பி இருக்கான்ல, ரெண்டு வீட்டுக்கும் அவன் ஒருத்தன்தானே ஆம்பளப் புள்ள."

"அப்பாவே சொல்லியிருக்காரு, நான்தான் அனுப்பணும்னு."

"சொகமில்லாத மனுசன் ஆயிரம் சொல்லுவாரு."

"அம்மாவைக் கேளுங்க. அம்மாவும் கூடத்தான் இருந்தாங்க."

எல்லோரும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செல்லத்தைப் பார்த்தார்கள். அம்மா பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளிய துண்டை மடியில் போட்டாள். அடுத்ததைக் கிள்ளினாள். நிமிரவே இல்லை.

"பாத்தியா?" என்றார் சித்தப்பா, மெதுவாக, ஏதோ அவளுக்கு நல்லது செய்துவிட்டவர் போல. சித்தப்பா பேசுவார், அது அவர் குணம். அம்மாவுக்கு என்ன வந்தது?

அப்பா சின்னத்தம்பி செடெனாக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லருக்கு நெருப்புப் போட்டவர். அதே செடெனாக்கில், செம்பனையைச் சாய்த்துவிட்டுக் கட்டிய ஒரு டேட்டா சென்டரில் மகளுக்கு வேலை. வரிசை வரிசையாக நிற்கும், லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. "ஒன் மெஷினு நல்லா எரியுதா?" என்று தினமும் கேட்பார். எரியக்கூடாதுப்பா, குளிரா இருக்கணும் என்பாள். "எரியாத மெஷினுக்கு எதுக்குடி ஆளு?" என்று சிரிப்பார். நோய் வந்து வாய் கோணிய பிறகும் அந்தக் கேள்வியை விடவில்லை. அப்படி ஒரு நாள் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அவள் முதுகு தேய்க்கும்போதுதான் குழறிக் குழறிச் சொன்னார். "என்னைய நீதான் அனுப்பி வைக்கணும். வேற எவனும் கை வைக்கக்கூடாது." துண்டோடு நின்றிருந்த அம்மா, "ஆமா, இந்தா கெளம்பிட்டாரு" என்று கேலி செய்தாள். கேலி செய்யத் தெரிந்தவளுக்கு இன்றைக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

சுகுமாறன் வந்தான். ராத்திரி வேலை முடித்த சட்டையோடு, கண் சிவந்து வந்தான். அவன்மேல் கோபப்படலாம் என்று அவள் காத்திருந்தாள், அதற்கும் அவன் வழி விடவில்லை. நேராக அவளிடம் வந்து, "அக்கா, நான் கேக்கலக்கா. அப்பாதான் போன்ல..." என்று இழுத்தான்.

"தெரியும். போய்க் குளிச்சிட்டு வா."

அதன்பின் நடந்ததெல்லாம் அவளுக்கு எரிச்சலைக் கூட்டத்தான் செய்தது. பண்டாரம் ஒவ்வொன்றாகக் கேட்டார், சுகுமாறன் ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தான். பெரியப்பா என்ன நட்சத்திரம்? அக்கா, என்ன நட்சத்திரம்? வெத்தலை போடுவாரா? அக்கா, போடுவாரா? புடிச்ச சாமான் எதுனா பெட்டியில வைக்கணுமா? அவள் உள்ளே போய் அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியையும் ஆலையில் கட்டியிருந்த தலைத்துண்டையும் எடுத்துவந்து கொடுத்தாள். அவன் வாங்கி வைத்தான். தெரிந்தது எல்லாம் அவளிடம் இருந்தது. செய்வது மட்டும் அவன்.

உருமி மேளம் தொடங்கியது. பெட்டியைத் தூக்கினார்கள். வேன் வரைக்கும் போகலாம் என்று அவள் கால் வைத்தபோது சித்தப்பா வாசல் கேட்டின் குறுக்கே கையை நீட்டினார். "இதோட நிக்கணும்மா. பொம்பளைங்க எல்லாம் உள்ள போய் வீட்டைக் கழுவுங்க." கேட்டின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அப்பாவின் பெட்டி வேனுக்குள் போனது. சுகுமாறன் கையில் கொள்ளிச்சட்டி புகைந்தது. வேன் தாமான் குடியிருப்பின் முனையில் திரும்பும்வரை அவள் சட்டத்தை விடவில்லை, உள்ளங்கையில் துரு ஒட்டிக்கொண்டது.

வீட்டைக் கழுவினார்கள். பக்கத்து வீட்டு ஷாமளா அக்கா வாளி வாளியாக ஊற்ற, பிரேமலா விளக்குமாற்றால் தள்ளினாள். தள்ளவில்லை, அடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மின்னல், கூடவே கூரை அதிர ஓர் இடி. விசிறி நின்றது. "அலாமாக்!" என்று ஷாமளா அக்கா காதைப் பொத்தினாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தது, விசிறி மறுபடி சுற்றியது, மழை கொட்டத் தொடங்கியது.

போன் அடித்தது. சுகுமாறன்.

"அக்கா, இங்க கரண்ட் போயிட்டு வந்துச்சுக்கா. லைட்டு ஃபேன் எல்லாம் வந்துருச்சு. எரிக்கிற மெஷினோட கம்ப்யூட்டர் மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது. பெரியப்பாவைக் கதவுகிட்ட வச்சுக்கிட்டு நிக்கிறோம்."

"அதைப் போட்ட ஆளு?"

"கே.எல்.ல இருக்கானாம், நாளைக்குத்தான் வருவானாம். வேற எடம் கேட்டோம், இன்னிக்கு முடியாதுங்கறாங்க. எடுத்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாதுன்னு அப்பா சத்தம் போடுறாரு. நீங்க இந்த வேலைதானே பாக்கறீங்க... வர முடியுமாக்கா?"

பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது. "கேட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு! சீக்கிரம் வரச் சொல்லுடா!"

பிரேமலாவுக்குத் தலைக்கு ஏறியது. காலையில் கேட்டோடு நிற்க வேண்டியவள் இப்போது சீக்கிரம் வர வேண்டுமாம். வழக்கத்தில் இல்லாதது ஒரே மழையில் வழக்கமாகிவிட்டதாம். முடியாது என்று சொல்லி போனை வைத்தால் என்ன? அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அங்கே கதவோரமாகக் கிடப்பது சித்தப்பா இல்லை.

"வர்றேன்" என்றாள்.

கைப்பையை எடுத்தாள். சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும் யூஎஸ்பி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காரைத் திறந்தால், பக்கத்து இருக்கையில் அம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள். ஈரச் சேலை, ஈரத் தலை.

"செல்லம் அக்கா, நீங்க போகக்கூடாதுக்கா! இன்னிக்குப் போயி நீங்க..." என்று ஷாமளா அக்கா ஓடிவந்தாள். அம்மா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

மழையில் குலாய் சாலை முழுக்க லாரி. பாதி வழிவரை பொறுத்துப் பார்த்தாள், அப்புறம் முடியவில்லை.

"காலையில ஏம்மா வாயத் திறக்கல?"

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "அவ்ளோ பேரு இருந்தாங்க" என்றாள்.

"அவ்ளோ பேரு இருந்ததாலதாம்மா கேட்டேன். தனியா இருக்கப்ப கேட்டு நான் என்ன பண்ணப்போறேன்?"

வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

பெயர்தான் மின்சுடலை. எரிவது கேஸில். ஒரு சங்கம் நடத்துகிற இடம். வெள்ளையடித்த மண்டபம், கோடியில் ஓர் இரும்புக் கதவு, பக்கத்தில் ஒரு சின்ன அறை. அறைக்குள் ஒரு திரை, அதன் கீழே மேசைக்கு அடியில் தூசு படிந்த ஒரு பெட்டி. எந்த வாயுக்குழாய் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு சூடு ஏற வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்தான். அது விழிக்காமல் கேஸ் வராது. பழைய கை விசையைப் பாதுகாப்புக்காகக் கழற்றிவிட்டார்களாம்.

அவளைக் கண்டதும் ஆண்கள் வழி விட்டார்கள். அம்மாவைக் கண்டதும் சிலருக்கு முகம் சுருங்கியது. "மதினி, நீங்க எதுக்கு..." என்று தொடங்கிய சித்தப்பாவைத் தாண்டி அம்மா போய்ச் சவப்பெட்டியின் ஓரமாக நின்றுகொண்டாள். இரும்புக் கதவுக்கு முன்னால், தள்ளுவண்டி மேல் அப்பா. பெட்டி மூடியிருந்தது. பிரேமலா அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அறைக்குள் நுழைந்தாள். இரண்டாவது தடவை பார்த்தால் வேலை ஓடாது என்று அவளுக்குத் தெரியும்.

திரையில் கறுப்புப் பின்னணி. துவக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை, துவக்கக்கூடிய டிஸ்க்கைப் போடு என்று இரண்டு வரி.

"ரெண்டு டிஸ்க் இருக்குங்க" என்றார் ஜெயபாலன். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர், பதறிப்போயிருந்தார். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓட்டும், கவலையே படாதீங்கன்னு சொல்லித்தான் போட்டுக் குடுத்தான். இருங்க, அவனே லைன்ல இருக்கான்." போனை ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரு, மேடமா?" என்றது போன். "பக்கத்துல டெக்னிக்கல் தெரிஞ்ச ஆம்பளைங்க யாராவது இருந்தா குடுங்களேன்."

பிரேமலா பல்லைக் கடித்தாள். "நான்தான் இருக்கேன், என்கிட்டதான் பேசணும். ரெண்டு டிஸ்க்கும் மிரரா?"

"ஆமா மேடம். ஒண்ணுல எழுதினா ரெண்டுலயும் விழும்."

"பூட்லோடர்? அதை ரெண்டுலயும் தனித்தனியா போட்டீங்களா?"

"அது... மிரர் பண்றப்ப அதுவும் தானா வந்துரும்லா."

"வராதுலா!" என்று அவள் கத்திய கத்தலில் வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மிரர் பண்ணது உள்ள இருக்கற பாகத்தைத்தான். பூட்லோடர் அதுக்கு வெளிய, டிஸ்க்கோட முதல் நுனியில உக்காந்திருக்கு. அதை நீங்கதான் ஒவ்வொரு டிஸ்க்லயும் போடணும். முதல் டிஸ்க்ல மட்டும் போட்டுட்டுக் கையத் தட்டிட்டுப் போயிட்டீங்க. ஒரு தடவையாவது முதல் டிஸ்க்கைக் கழட்டிட்டு எந்திரிக்குதான்னு பாத்தீங்களா?"

"நல்லா ஓடிக்கிட்டுத்தானே மேடம் இருந்துச்சு..."

அவள் போனை அணைத்து ஜெயபாலன் கையில் கொடுத்தாள்.

"அவன் சொல்றது எனக்குப் புரியல, நீங்க சொல்றதும் புரியலம்மா" என்றார் அவர் பாவமாக.

"ஒரு வீட்டுல இருக்கற சாமானை எல்லாம் இன்னொரு வீட்டுலயும் அப்படியே அடுக்கிட்டாரு. மெஷினை எழுப்பிவிடற பூட்லோடர்தான் வாசக்கதவு, அதை வைக்க மறந்துட்டாரு. முதல் வீடு இடிஞ்சுபோச்சு. ரெண்டாவது வீட்டுல எல்லாம் இருக்கு, நுழையத்தான் வழியில்ல. ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

வேன் டிரைவரிடம் இருந்தது. தரையில் மண்டியிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். ஈர முடி முன்னால் விழுந்துகொண்டே இருந்தது, முறுக்கிக் கொண்டை போட்டாள். முதல் டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டதே தவிரச் சுற்றவில்லை. ஜெயபாலன் இரும்பு அலமாரியைக் குடைந்து, கம்பெனிக்காரன் அவசரத்துக்கென்று விட்டுப்போன புது டிஸ்க் ஒன்றை உறை பிரிக்காமல் கொண்டுவந்தார். செத்ததைக் கழற்றி அந்த இடத்தில் புதியதை மாட்டினாள். சாவிக்கொத்தின் யூஎஸ்பியைச் செருகி, அதில் இருக்கும் லினக்ஸால் மெஷினை எழுப்பினாள். இரண்டாவது டிஸ்க்கைத் திறந்து உள்ளே பார்த்தாள். எல்லாம் இருந்தது, ஒரு வரி குறையாமல்.

பழைய பதிவுகளைத் தள்ளிக்கொண்டே போனபோதுதான் அது கண்ணில் பட்டது. முதல் டிஸ்க் இன்றைக்குச் சாகவில்லை. தீபாவளிக்கு முந்தியே செத்துவிட்டது. டிஸ்க் போய்விட்டது, டிஸ்க் போய்விட்டது என்று மெஷின் விடாமல் எச்சரித்திருக்கிறது, கேட்க ஆளில்லை. அன்றிலிருந்து இன்று மத்தியானம்வரை இங்கே வந்தவர்களையெல்லாம் அனுப்பிவைத்தது இந்த இரண்டாவது டிஸ்க்தான், ஒற்றை ஆளாக. இடியில் ஒருமுறை நின்றது. மறுபடி தொடங்கு என்றபோது, தொடங்குவதற்கான உரிமையை அதற்கு யாரும் கொடுத்துவைத்திருக்கவில்லை.

பிரேமலாவின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. சீ, இப்போது அழக்கூடாது. புறங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். இரண்டாவது டிஸ்க்கில் பூட்லோடரை நிறுவு. பிழை எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

"முடிஞ்சுதா?" சித்தப்பா வாசலில் நின்றார். "பொழுது போகுதும்மா. ஆறு மணிக்கு மேல எரிக்க விடமாட்டாங்களாம்."

"இன்னொரு டிஸ்க் இருக்கு."

"ஒண்ணுல போட்டாலே ஓடும்னு ஜெயபாலன் சொல்றாரே. அப்புறம் எதுக்கு இன்னொண்ணுல?"

"ஒண்ணுல போட்டா ஓடும்னு நெனச்சுத்தான் சித்தப்பா எங்கப்பாவை இங்க கதவுகிட்ட நிப்பாட்டி வச்சிருக்கீங்க." அவள் திரும்பவில்லை. "நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுல இதே மாதிரி வந்து நிக்கணுமா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார். அவள் புதிய டிஸ்க்கைப் பழையதன் அளவுக்கே பிரித்து, மிரரில் சேர்த்து, அதிலும் பூட்லோடரைப் போட்டாள். நகல் எடுக்கும் வேலையை மெஷின் தானாகவே தொடங்கியது. அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. யூஎஸ்பியைப் பிடுங்கினாள். மெஷினை அணைத்தாள். மறுபடி போட்டாள்.

திரை கறுத்தது. அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள். சுகுமாறன் ஈரத் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு வரி வந்தது. அப்புறம் மளமளவென்று வரிகள். அப்புறம் நீலத் திரை, அதன் நடுவில் கேஸ் அழுத்தமும் சூடும் காட்டும் எண்கள். சுவருக்குப் பின்னால் காற்றாடி உறுமத் தொடங்கியது.

"யம்மா, நல்லா இருப்பீங்க" என்று ஜெயபாலன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடாதீங்க. நகல் முடிஞ்சதும் ஒவ்வொரு டிஸ்க்கா கழட்டி, ஒத்தையா எந்திரிக்குதான்னு பாக்கணும். போட்டா மட்டும் பத்தாது, பாக்கணும். நாளைக்குக் காலையில சாம்பல் எடுக்க வர்றப்ப நானே பாத்துக் குடுக்கிறேன்."

சாம்பல் எடுக்க அவள் வருவாள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, மண்டபத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தி, "சரி சரி, ஆகட்டும். சுகுமாறா, வா, வந்து பட்டனை அமுக்கு" என்றார்.

பட்டன் திரைக்குக் கீழே இருந்தது. பச்சை நிறம். அதன் முன்னால் நாற்காலியில் பிரேமலா உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நான் அமுக்குறேன்" என்றாள்.

"இது பேரம் பேசுற நேரமா?"

"பேரம் இல்ல சித்தப்பா. காலையில கேட்டேன், காது கேக்காத மாதிரி இருந்தீங்க. இப்ப கேக்கல, சொல்றேன். அவருக்குக் கழுவி விட்டவ நான். சோறு ஊட்டினவ நான். எந்தக் கை வெளங்கலேன்னுகூட ஒங்க யாருக்கும் தெரியாது. இன்னிக்கு இந்த மெஷினு எந்திரிக்காம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அதுக்கு மட்டும் நான் வேணும்? எழுப்பிக் குடுத்துட்டு எந்திரிச்சு ஓரமா நிக்கணும்?"

குரல் மண்டபம் முழுக்க எதிரொலித்தது. மூர்த்தி பண்டாரம் தன் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் எந்தப் பக்கமும் சேரவில்லை. சித்தப்பா மகனின் தோளைப் பிடித்துத் தள்ளினார். சுகுமாறன் அசையவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"டேய்."

"எனக்கு இந்த மெஷினு தெரியாதுப்பா" என்றான் சுகுமாறன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். மழை ஓய்ந்து வெளியே வெளிச்சம் மஞ்சளாக விழுந்திருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. "சரிம்மா, அமுக்கு" என்றார் கடைசியில். "அது சும்மா சுவிட்சுதானே. கொள்ளிச்சட்டி தூக்கினது, கற்பூரம் வச்சதெல்லாம் சுகுமாறன். கொள்ளி அவன் வச்ச கணக்குதான்."

சும்மா சுவிட்ச். அந்த மனிதருக்கு எங்கேயாவது ஒரு சந்து கிடைத்துவிடும். திருப்பிக் கொடுக்க அவளிடம் வார்த்தை இருந்தது. ஆனால் அதற்குள் தள்ளுவண்டி நகரும் சத்தம் கேட்டது, இரும்புக் கதவு மேலேறியது, அவளுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. அறையின் கண்ணாடி ஜன்னல் வழியே பெட்டியின் கால்மாடு உள்ளே போவதைப் பார்த்தாள். கதவு இறங்கியது. அறைக்குள்ளிருந்து, யாருக்கும் கேட்காமல், "நல்லா எரியும்ப்பா" என்றாள். பட்டனை அழுத்தினாள்.

கேஸ் பற்றிக்கொள்ளும் சத்தம் சுவர் வழியே வந்தது. திரையில் சூட்டின் எண் ஏறியது. அவள் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது அம்மா காரில் பேசவில்லை. பிரேமலாவும் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது? நாளைக்கே சித்தப்பா ஊர் முழுக்கச் சொல்வார், நம்ம புள்ள என்னமா ரிப்பேர் பண்ணிச்சு தெரியுமா என்று. கருமாதி அழைப்பில் கொள்ளி வைத்தவன் என்று மகன் பெயரையும் போடுவார். நினைக்க நினைக்க ஸ்டியரிங்கைப் பிடித்த கை வலித்தது. அம்மாவின் மௌனம் அதைவிட வலித்தது. வண்டியை வீட்டெதிரே நிறுத்தியதுமே அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கி விறுவிறுவென்று கேட்டை நோக்கிப் போனாள்.

பின்னாலேயே வேன் வந்தது. மின்சுடலைக்குப் போய்வந்தவர்கள் வாசலிலேயே கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே விளக்கைப் பார்த்துக் கும்பிட வேண்டும். கொள்ளி வைத்தவர் முதலில், மற்றவர்கள் பின்னால். அதற்காக ஷாமளா அக்கா மஞ்சள் தண்ணீர் வாளியோடு கேட்டருகே நின்றிருந்தாள்.

அம்மா அவள் கையிலிருந்து குவளையை வாங்கிக்கொண்டாள்.

"சுகுமாறா, நீ மொதல்ல" என்று சித்தப்பா மகனை முன்னால் விட்டார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றான். அம்மா குவளையில் தண்ணீரை மொண்டாள். சாய்க்கவில்லை.

"ஊத்துங்க மதினி."

அம்மா ஊற்றவில்லை. குவளை நிறையத் தண்ணீரோடு கை நீட்டியபடி நின்றாள். பின்னால் ஆண்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள், தாமான் முழுக்க அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா மறுபடியும், "மதினி" என்றார். குவளையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தளும்பி அம்மாவின் சேலையிலேயே விழுந்தது. கையை அவள் இறக்கவில்லை. சித்தப்பாவைப் பார்க்கவும் இல்லை. எல்லோருக்கும் பின்னால், காரின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"பிரேமா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "இங்க வா."

சுகுமாறன் ஓரமாக ஒதுங்கினான். வரிசையும் ஒதுங்கியது. பிரேமலா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கேட்டின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா குனிந்து, முதலில் வலது காலில், அப்புறம் இடது காலில் தண்ணீரை ஊற்றினாள்.